மெனுவை வரையும் முன் பெயர்களைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பயன்பாடு ஒன்றைத் தினமும் திறந்து வேலை பார்ப்பவர் அதன் மெனுவைப் படிப்பதில்லை. இடப்பக்கம் மேலிருந்து நான்காவது, அதைத் திறந்தால் இரண்டாவது என்று கை தானாகப் போகிறது. "புதிய தோற்றம்" என்ற அறிவிப்போடு ஒரு நாள் அந்த மெனு மாறினால், மாதக்கணக்கில் படிந்த பழக்கம் ஒரே காலையில் பயனற்றுப் போகிறது. உதவி மையத்தின் தொலைபேசி அன்று முழுக்க ஒரே கேள்வியைக் கேட்கும்: "அது எங்கே போச்சு?" எதுவும் போயிருக்காது. இடமோ பெயரோ மாறியிருக்கும்.

மெனுவை மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சில ஆண்டுகள் ஓடிய எந்தப் பயன்பாட்டிலும் அந்தத் தேவை வந்தே தீரும். ஒவ்வொரு பிரிவும் தன் புதிய வசதிக்கு இடம் கேட்கிறது, கேட்ட வரிசையில் சேர்க்கிறார்கள், கடைசியில் "இதர", "மேலும்" என்ற இரண்டு மூட்டைகளுக்குள் ஏராளமான திரைகள் முடங்கிக் கிடக்கின்றன. எங்கள் வருத்தம் திருத்தும் வேலை தொடங்கும் இடத்தைப் பற்றியது. மெனு மேலே வருவதா இடப்பக்கமா, ஐகானுக்கு என்ன நிறம் என்று வாரக்கணக்கில் கூடிப் பேசுகிறார்கள். எந்தத் திரை எதற்குள் போகிறது, அதன் பெயர் என்ன என்பதையோ கடைசி நாளில் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்புகிறார். மக்கள் தேடித் தவிப்பது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

முதல் வேலை கணக்கெடுப்பு. ஒரு விரிதாளில் திரைக்கு ஒரு வரி: இப்போதைய பெயர், இணைய முகவரி, யாருக்கு அனுமதி, மாதத்தில் எத்தனை பேர் திறக்கிறார்கள், எந்தத் திரையிலிருந்து வந்து சேர்கிறார்கள். இதிலே ஒரு கண்ணி உண்டு. குறைவாகத் திறக்கப்படும் திரையைத் தேவையற்றது என்று எண்ணி உள்ளே தள்ளிவிடுவார்கள். ஆண்டு முடிவு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். அன்றைக்கு அது கிடைக்காவிட்டால் வேலையே நின்றுவிடும். தவிர, இந்த எண்ணிக்கை பழைய மெனுவின் நிழல். உச்சியில் இருந்தது அதிகம் திறக்கப்பட்டிருக்கும், ஆழத்தில் புதைந்தது குறைவாக. அதனால் எண்ணோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பயன்பாட்டுக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்கள், உதவி மையத்துக்கு வந்த "எங்கே இருக்கிறது" வகைக் கேள்விகள். தேடல் பெட்டியில் விழுந்த சொற்கள் விலைமதிப்பற்றவை. மெனுவில் கிடைக்காமல் போனது எது என்பதையும், அதை மக்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் அவை ஒருசேரச் சொல்லிவிடுகின்றன.

அடுத்தது அட்டை பிரித்தல். முப்பது முதல் அறுபது அட்டைகளில் அட்டைக்கு ஒரு திரையின் பெயரை எழுதி, பயன்படுத்துகிறவரிடம் கொடுத்து, ஒன்றோடொன்று சேர்வதை அடுக்கி ஒவ்வொரு அடுக்குக்கும் அவரே பெயர் வைக்கச் சொல்வது. ஒரு வகைப் பயனருக்குப் பதினைந்து பேர் போதும். எழுத்தரும் மேலாளரும் ஒரே பயன்பாட்டைத் திறந்தாலும் அவர்கள் இரு வகை. தனித்தனியே செய்ய வேண்டும். அட்டையில் எழுதும் சொல்லில் கவனம் தேவை. "விற்பனை அறிக்கை", "வருகை அறிக்கை", "இருப்பு அறிக்கை" என்று ஐந்து அட்டை கொடுத்தால், "அறிக்கை" என்ற சொல்லைப் பார்த்தே ஐந்தையும் ஓர் அடுக்காக வைத்துவிடுவார்கள். அவர்கள் பொருந்தவைத்தது சொல்லை, வேலையை அல்ல. "இந்த மாதம் எவ்வளவு விற்றது", "யார் யார் வரவில்லை" என்று மாற்றி எழுதிப் பாருங்கள், அடுக்குகள் வேறாக வரும். முடிவில் எந்த இரண்டு அட்டைகளை எத்தனை பேர் சேர்த்து வைத்தார்கள் என்று அட்டவணை போட்டால் தொகுப்பு தெரியும். ஆளுக்கு ஆள் இடம் மாறும் அட்டைகள் சில இருக்கும். அவற்றுக்கு இரண்டு இடத்திலிருந்தும் வழி வைப்பதே சரி.

அட்டை பிரித்தலோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது போதாது. கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு பிரிப்பது ஒரு திறமை. வேலை அவசரத்தில் ஒரு பெயரைப் பார்த்து "இதற்குள் இருக்கும்" என்று ஊகிப்பது வேறொன்று. இரண்டாவதைச் சோதிப்பது மரச் சோதனை; மெனுவைக் கிளை விட்ட மரமாகப் பார்ப்பதால் இந்தப் பெயர். தகவல் கட்டமைப்பு வல்லுநர் டோனா ஸ்பென்சர் 2003-இல் இதைக் காகித அட்டைகளைக் கொண்டே செய்யும் முறையாக விவரித்தார், ஆகவே மென்பொருள் வாங்கவில்லை என்பது ஒரு சாக்கு ஆகாது. நிறம், ஐகான், பக்க அமைப்பு எதுவும் இல்லாமல் மெனுவின் கிளைகளைச் சொற்களாக மட்டும் காட்டி, எட்டு அல்லது பத்து வேலைகளைச் சொல்லி, எங்கே போவீர்கள் என்று கேட்பது. கேள்வியில் மெனுவின் சொல் வரக் கூடாது. "கடவுச்சொல்லை மாற்றுங்கள்" என்று கேட்டால் "கடவுச்சொல்" என்று எழுதியிருக்கும் இடத்தைக் கண் தேடிப் பிடித்துவிடும். "உங்கள் லாகின் விவரம் வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: முதல் கிளிக் எங்கே விழுந்தது, திரும்பி வராமல் நேரே போனாரா, கடைசியில் சரியான இடத்தை அடைந்தாரா. மூன்றில் முதலாவதே முக்கியம். முதல் கிளிக் தவறியவர் பெரும்பாலும் அந்தக் கிளைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். ஒரு வேலைக்கு முதல் கிளிக்குகள் இரண்டு கிளைகளுக்கிடையே சரிபாதியாகப் பிரிந்தால், அந்த இரண்டு தலைப்புகளும் ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பொருள். பெயரை மாற்றி மறுபடி சோதியுங்கள். விழுக்காடாகப் பேச வேண்டுமானால் ஐம்பது பேராவது வேண்டும். பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் பத்துப் பேரிடமே பெரும்பாலானவை வெளிவந்துவிடும்.

மெனுவில் ஏழு உருப்படிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி ஒன்று கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. அவர் பேசியது குறுகிய கால நினைவில் ஒரே சமயம் எத்தனை துண்டுகளைத் தாங்க முடியும் என்பதைப் பற்றி. மெனு கண் முன்னால் இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏழுக்குள் அடக்க வேண்டும் என்று மடித்து மடித்து உள்ளே தள்ளினால் ஆழம்தான் கூடும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கெவின் லார்சனும் மேரி செர்வின்ஸ்கியும் 1998-இல் இதை அளந்தார்கள். ஒரே 512 உருப்படிகளை மூன்று அடுக்காக, அடுக்குக்கு எட்டெட்டாக வைத்தார்கள். பிறகு இரண்டே அடுக்காக, பதினாறும் முப்பத்திரண்டுமாகப் பிரித்து வைத்தார்கள். மூன்று அடுக்கில்தான் மக்கள் அதிக நேரம் தடுமாறினார்கள். பத்துப் பதினைந்து தெளிவான தலைப்புகள், இடையிடையே கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு அடுக்கோடு நிற்பது பெரும்பாலான அலுவல் பயன்பாடுகளுக்குப் போதும்.

இனி தமிழ் மெனு. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் வடிவமைப்புப் படங்கள் ஆங்கிலச் சொற்களை வைத்தே வரையப்பட்டு, தமிழ் கடைசியில் ஊற்றப்படுகிறது.

பொருள் குழப்பம் முதலாவது. "கணக்கு" என்று ஒரு தலைப்பு. வரவு செலவு எழுதும் பயன்பாட்டில் அது பேரேடா, பயனரின் சொந்த விவரமா? "அமைப்பு" என்றால் செட்டிங்ஸா, நிறுவனமா? "பதிவு" என்றால் புதிதாகச் சேர்வதா, ஏற்கெனவே சேமித்தவற்றின் பட்டியலா? தனித்தனியே மொழிபெயர்த்தபோது ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஒரே மெனுவில் அடுத்தடுத்து உட்காரும்போது மோதுகின்றன. "என் விவரம்", "வரவு செலவு", "புதிதாகச் சேர்க்க" என்று எழுதினால் இரண்டு சொல் ஆனாலும் யாரும் தயங்க மாட்டார்கள். தூய தமிழா பேச்சில் புழங்கும் சொல்லா என்ற வழக்கை அலுவலகத்துக்குள் வாதாடித் தீர்க்க வேண்டாம். அட்டை பிரிக்கும்போது மக்கள் தாமாக எழுதிய பெயர் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் மெனுவில் இருக்கும் சொல்லே திறக்கும் பக்கத்தின் தலைப்பாகவும் இருக்க வேண்டும். "விண்ணப்பங்கள்" என்று கிளிக் செய்தவருக்குக் "கோரிக்கைகள்" என்ற பக்கம் திறந்தால், தவறான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போவார்.

அகலம் இரண்டாவது. ஆங்கிலத்துக்கு அளந்த 200 பிக்சல் பக்கப் பட்டியில் பல தமிழ்த் தலைப்புகள் அடங்குவதில்லை. அடங்காததை மூன்று புள்ளி வைத்து வெட்டுகிறார்கள். "பதிவிறக்கங்கள்", "பதிவேற்றங்கள்", "பதிவுகள்" மூன்றையும் அப்படி வெட்டினால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். பட்டியை 260 அல்லது 280 பிக்சலாக்கி, தலைப்பை இரண்டாம் வரிக்கு மடிய விடுவது எளிய தீர்வு. நிரலில் எழுத்தெண்ணிக்கை பார்த்து வெட்டுவது இன்னும் மோசம். "அமைப்புகள்" என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது பத்துக் குறியீடுகள். ஒன்பதில் வெட்டினால் கடைசிப் புள்ளி போய் "அமைப்புகள" என்று நிற்கும்.

உயரமும் அப்படியே. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படும். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைக்க வேண்டும். ஆங்கில மெனுவில் குழுத் தலைப்புகளைப் பெரிய எழுத்துகளில் போட்டு வேறுபடுத்துவார்கள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது, ஆகவே அந்த வேறுபாடு மொழிமாற்றத்தில் காணாமல் போகும். அளவாலும் இடைவெளியாலும் காட்ட வேண்டியதுதான். தேர்ந்தெடுத்த உருப்படியைத் தடித்த எழுத்தாக்குவதும் சிக்கல். எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக இல்லையென்றால் உலாவி தானே மையை ஏற்றுகிறது. "ண", "ஞ" போன்றவற்றின் உள்வெளி அடைபடுகிறது. அகலமும் கூடுவதால் வரி மடிந்து மெனுவே துள்ளுகிறது. ஓரத்தில் ஒரு கோடும் பின்னணி நிறமும் போதும்.

அகர வரிசையில் அடுக்குகிறவர்கள் இதையும் கவனிக்கட்டும். யூனிகோடு எண் வரிசை நம் அகராதி வரிசை அல்ல. அதில் "ன" வந்து "ந"வை ஒட்டி, "ப"வுக்கு முன்னால் நிற்கிறது. அப்படியே அடுக்கினால் "மனுக்கள்" முன்னும் "மருத்துவம்" பின்னும் வரும்; அகராதிப்படி "மருத்துவம்"தான் முதலில். தமிழ் என்று குறிப்பிட்டு வரிசைப்படுத்தும் வசதி உலாவிகளிலேயே இருக்கிறது, ஒரு வரி நிரலில் முடிகிற வேலை.

மூன்று கோடு ஐகானுக்கு வருகிறோம். வடிவமைப்பாளர் நார்ம் காக்ஸ் 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தது அது. கைபேசியில் இடம் இல்லாததால் அதன் பின்னால் மெனுவை ஒளிக்கிறோம், சரி. அகலமான கணினித் திரையிலும் அழகுக்காக ஒளிப்பது தேவையற்ற தண்டனை. பயன்பாட்டு எளிமையை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2016-இல் 179 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், மெனு ஒளிந்திருந்தபோது அதைக் கண்டெடுத்துப் பயன்படுத்துவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கைபேசியிலும் அன்றாடம் தேவைப்படும் நான்கைந்தைக் கீழ்ப்பட்டியில் சொல்லோடு வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் உள்ளே வையுங்கள். சொல் இல்லாத ஐகான் வரிசை வேண்டவே வேண்டாம். வீடும் பூதக்கண்ணாடியும் தவிர மற்றவற்றுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள்.

சுட்டியை மேலே கொண்டுபோனதும் தானாக விரியும் துணை மெனுவில் பழைய தவறு ஒன்று இன்றும் நடக்கிறது. விரிந்த துணை மெனுவின் கீழ்ப்பகுதியிலுள்ள உருப்படிக்குச் சுட்டி குறுக்காகப் போகும்போது வழியில் அடுத்த தலைப்பைத் தொடும், உடனே வேறொரு துணை மெனு விரியும். கால் நொடிக்குச் சற்று அதிகமாகத் தாமதம் வைக்கலாம். சுட்டி இருந்த இடத்தையும் துணை மெனுவின் அருகிலுள்ள இரு மூலைகளையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் சுட்டி நகரும்வரை, விரிந்த துணை மெனுவை மாறாமல் நிறுத்தலாம். கிளிக் செய்தால் மட்டுமே திறக்கும்படி வைப்பது இவற்றைவிட நல்லது. தொடுதிரையில் "மேலே கொண்டுபோவது" என்ற ஒன்றே இல்லை. சுட்டியால் விரிவதை விடமுடியாதென்றால், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைப்பதற்கான அணுகல் விதிகளின் 2.1 பதிப்பு 2018-லிருந்து சொல்வதைக் கடைப்பிடிக்க வேண்டும்: சுட்டியை நகர்த்தாமலே எஸ்கேப் விசை போன்ற ஒரு வழியால் மூட முடிய வேண்டும், விரிந்ததன் மேல் சுட்டி போனால் மறையக் கூடாது, தானாக நேரம் பார்த்து மூடக் கூடாது.

அதே விதிகளின் 2023-இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது, அல்லது சுற்றிலும் அதற்கு ஈடான வெற்றிடம். இது அடித்தளம் மட்டுமே. விரலுக்கு 44 பிக்சல் கொடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1. வெளிர் சாம்பலில் எழுதிய மெனுக்கள் பல இதில் தோற்றுவிடும்.

பார்வையற்றோர் திரைவாசிப்பானால் பயன்படுத்தும் மெனுவில் நிரலாளர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பெயர் பொருந்துகிறதே என்று திரைவாசிப்பானுக்கு விவரம் சொல்லும் ஏரியா (ARIA) குறிகளில் "மெனு" என்ற பங்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அது கணினி மென்பொருள்களின் கட்டளை மெனுக்களுக்கு உரியது. அதைக் கொடுத்ததும் திரைவாசிப்பான் அம்பு விசைகளை எதிர்பார்க்கும், டேப் விசையால் நகர்ந்து பழகியவர் மாட்டிக்கொள்வார். பக்கத்தின் மெனுப் பகுதியைக் குறிக்கும் "நேவ்" குறிக்குள் சாதாரணப் பட்டியல், துணை மெனுவைத் திறக்க ஒரு பொத்தான், திறந்திருக்கிறதா என்று சொல்லும் "ஏரியா எக்ஸ்பாண்டட்", இப்போது நிற்கும் பக்கத்துக்கு "ஏரியா கரண்ட்". இவ்வளவே போதும்.

அதிகம் பயன்படுவதை மெனு தானே மேலே கொண்டுவரட்டும் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000-இல் அதைச் செய்தார்கள். அடிக்கடி தொடாதவை மறைந்துகொண்டன, தேடுகிறவர்கள் தவித்தார்கள். 2007 பதிப்பில் கட்டளைகளை மேலே பட்டையாகக் காட்டும் ரிப்பன் வந்தபோது அந்த முறை கைவிடப்பட்டது. இடம் நிலையாக இருந்தால்தான் கை பழகும். பயனரே தேர்ந்தெடுத்துப் பொருத்தும் ஒரு தனிப் பகுதியை உச்சியில் வையுங்கள், கீழே மூல வரிசை அசையாமல் இருக்கட்டும். அனுமதி விஷயத்திலும் இதே கவனம்: ஒருவருக்கு எந்நாளும் அனுமதி இல்லாததை நீக்கிவிடலாம், இன்று மட்டும் முடியாததை, காரணத்தை அருகில் எழுதி, இடத்திலேயே மங்கலாக வைக்க வேண்டும்.

வெளியிடும் முறை பற்றி. மாத முடிவிலும் ஆண்டு முடிவிலும் மெனுவை மாற்றாதீர்கள். முதலில் விரும்புகிறவர்களுக்குத் திறந்துவிட்டு, பழைய மெனுவுக்குத் திரும்பும் வழியை, எதுவரை இருக்கும் என்ற தேதியோடு கொடுங்கள். பக்கங்களின் முகவரி மாறினால் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கே 301 வகை, அதாவது நிரந்தரத் திருப்புதலால் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது, சேமித்து வைத்த இணைப்புகளையும் பயிற்சிக் கையேடுகளையும் ஒரேயடியாகக் கொன்றுவிடும். முதல் வாரத்தில் வேகம் குறைவது இயல்பு, அதைவைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நான்காம் வாரத்திலும் உள்தேடலின் அளவு பழைய நிலைக்கு இறங்கவில்லை என்றால் பெயர்களில் கோளாறு இருக்கிறது. பழைய பெயரைத் தேடல் பெட்டியில் தட்டினால் "இப்போது இந்தப் பெயரில் இருக்கிறது" என்று காட்டும்படி குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர் அப்போதுதான் வந்து சேர்வார்.

இப்படிப்பட்ட வேலையை வெளியாருக்குக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் துறைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: "திரைப் படங்களுக்கு ஒப்புதல் கேட்கும் முன், தமிழ்ப் பெயர்களோடு நடத்திய மரச் சோதனையின் முடிவை, வேலை வாரியாக முதல் கிளிக் எங்கே விழுந்தது என்ற விவரத்துடன் தர வேண்டும்." அந்தத் தாள் வராத வரை படத்தைப் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
இணையப் பயன்பாட்டு வடிவமைப்பிலும் நிரலாக்கத்திலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்